பின் ராசா

எங்களுக்குக் கூத்துப் பழக்கும் கிறிகோரி அண்ணாவியார் யார் எதை ஆடுவதென்று ஆள் பிரித்த அன்று ஏர்னஸ்ற் இரண்டு தரம் குளித்துவிட்டு வந்தான். எலுமிச்சம்பழத்தைப் பிளந்து கமக்கட்டிலும் கழுத்திலும் தேய்த்து, அதற்கு மேலே மலிவான சென்ற் அடித்திருந்தான். அப்படியும் கோயிலுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் அவனுக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் காலியாகவே கிடந்தன. நான் போய் ஒன்றில் இருந்தேன். எனக்கு அது பெரிய காரியமில்லை. என்னிலும் அதே மணம்தான்.

நாங்கள் இருவரும் பலெர்மோவில் பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு நிலவறையில் வேலை செய்தோம். விடிந்ததும் மாட்டு வயிறுகள் வரும். நனைந்த கம்பளியைக் கொட்டுவதுபோலக் கொட்டிவிட்டுப் போவார்கள். கத்தியால் கீறினால் பாதி செரித்த புல்லும் பச்சைத் தண்ணீரும் காலில் கொட்டும். அதை அலசி, குடலைத் தடியில் கொழுவி உள்பக்கத்தை வெளியே புரட்டி, காரச் சோடா போட்ட கொதிதண்ணீரில் அமுக்கி, கறுப்புத் தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேலே சந்தையில் அதே சாமானை வெள்ளைவெளேரென்று அரிந்து வைத்திருப்பார்கள். சனம் எலுமிச்சம்புளி விட்டு நின்ற நிலையில் தின்னும். கீழே நாங்கள் நிற்பது தின்கிறவனுக்குத் தெரியாது. தெரிந்தால் தின்ன மாட்டான்.

கையுறை ஒரு சோடி ஆணியில் தொங்கியது. பரிசோதனைக்கு வருகிறவர்களின் கண்ணுக்காக. போட்டால் குடல் வழுக்கும், வேலை பிந்தும், பத்ரோனே என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி மேலே நின்று கத்துவான்.

சோடா முதலில் நகத்தைத் தின்னும். அடுத்தது விரலிடுக்கு. பிறகு முழங்கை வரை தோல் தடித்து, வெடித்து, வெள்ளையாகச் செதில் எழும்பும். ஏர்னஸ்ற் எனக்கு முன்பே அங்கே இறங்கியவன். அவனுக்கு அது கழுத்துக்கும் ஏறியிருந்தது. சொறிந்தால் தூளாக உதிரும். உதிர்ந்த இடத்தில் நீர் கசியும். என்னுடைய கையும் அந்தப் பாதையில்தான் போகிறது என்பதால் அவனுடைய கையை நான் அதிகம் பார்ப்பதில்லை.

அவன் மனைவி அனிற்றா தவக்காலத்தில் லிபெர்த்தாப் பக்கம் ஒரு வயதான சிஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்யப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. “உங்கடை மணத்தோடை என்னாலை படுக்க ஏலாமக் கிடக்கு. அந்த வேலையை விட்டிட்டுச் சொல்லுங்கோ, வாறன்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். அவ்வளவுதான். வேலையை விட அவனுக்குப் பயம். இத்தாலியில் தங்க அவனுக்கு இருந்த அனுமதி, பெர்மெஸ்ஸோ, அந்த நிலவறை வேலையை வைத்துத்தான் கிடைத்தது. அதை வைத்துத்தான் அவளையும் மன்னாரிலிருந்து கூப்பிட்டு எடுத்தான். ஆகவே வேலையை விடாமலே அவளை எப்படித் திருப்பிக் கூட்டிவருவது என்று யோசித்துக்கொண்டு திரிந்தான்.

அவளுக்கு ஞாயிறு பின்னேரம் மட்டும் ஓய்வு. கூத்தும் ஞாயிறு பின்னேரம்.

கதை அண்ணாவியார் தானே கட்டியது. செருக்குப் பிடித்த ராசா ஒருவன் வாசலில் பிச்சை கேட்டு நின்ற சந்நியாசியின் தலையில் கழுநீரை ஊற்றுகிறான். சந்நியாசியின் சாபத்தால் பன்றியாகிறான். காட்டில் அலைந்து, பட்டினி கிடந்த பிள்ளை ஒன்றுக்குத் தான் கிளறி எடுத்த கிழங்கைக் கொடுக்கிறான். அந்தப் புண்ணியத்தால் சுனையில் முழுகி மனிதனாக எழும்புகிறான். மங்களம் பாடி முடிக்கிறது.

எங்கள் கூத்தில் ஒரு பாத்திரத்தை ஒரே ஆள் கடைசிவரை ஆடுவதில்லை. ஊரில் விடிய விடிய ஆடுவார்கள், தொண்டை தாங்காது. அதனால் முன் ராசா ஒருவர், பின் ராசா இன்னொருவர். பலெர்மோவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மண்டபம் தர மாட்டார்கள், என்றாலும் அந்த முறையை நாங்கள் விடவில்லை. பின் ராசாவுக்குத்தான் முடி, வெள்ளை உடுப்பு, கைதட்டு எல்லாம்.

“முன் ராசா நான்” என்றார் அண்ணாவியார். “பண்டி, ஏர்னஸ்ற். பின் ராசா, ஸ்ரீபன்.”

ஸ்ரீபன் புதிதாக வந்த பெடியன். கையில் பெர்மெஸ்ஸோக் கடதாசி ஒன்றும் இல்லை. பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டு நாயை உலாத்திக்கொண்டு திரிந்தான். நல்ல நிறம், சுருள் முடி, நீளமான சுத்தமான விரல்கள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“அண்ணாவியார்” என்று ஏர்னஸ்ற் எழும்பினான். “பண்டியும் நான், பின் ராசாவும் நானே ஆடுறன். ஒரே ஆள்தானே மாறுறது.”

“முறை அப்பிடி இல்லைத் தம்பி.”

“முகமூடியைக் கழட்டிப்போட்டு முடியை வைச்சுக்கொண்டு வரவேண்டியதுதானே. பாட்டு எனக்குப் பாடம்.”

உடுப்புத் தைக்கிற இந்திராதேவி கையில் ஊசியோடு நிமிர்ந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, சைவம், ஆனால் எங்கள் கூத்தில் அவளில்லாமல் ஒன்றும் நடக்காது. “ஐயோ தம்பி, அது வெள்ளைச் சற்றின். இரவல் துணி. உன்ரை மேலிலை பட்டால் பேந்து நான் எந்தத் தண்ணியிலை தோய்க்கிறது?”

எல்லோரும் சிரித்தார்கள். ஏர்னஸ்ற்றும் சிரித்தான். சிரித்தபடியே சேர்ட்டுக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டான்.

“அப்ப பண்டியைப் பண்டியாவே விடுங்கோ” என்றான். “சுனையும் வேண்டாம், முடியும் வேண்டாம். கடைசி மட்டும் பண்டிதான். அதெண்டால் உண்மை.”

“கோதாரி, அது மட்டும் வேண்டாம்!” இந்திராதேவி ஊசியைக் குத்தி வைத்தாள். “போன வருசக் கூத்திலை கல்லாய்ப் போன பொம்பிளையைக் கல்லாவே நிக்க விட்டு முடிச்சியள். அடுத்த கிழமை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை என்ரை பெர்மெஸ்ஸோவைத் தரமாட்டமெண்டு திருப்பிப் போட்டாங்கள். சனம் ஞாயிற்றுக்கிழமையிலை வாறது அழுகிறதுக்கே? அழுகிறதெண்டால் நாங்கள் வீட்டிலை இருந்து அழலாம், மினக்கெட்டு பஸ் பிடிக்கத் தேவையில்லை.”

“மாறினவன் திரும்பி வரவேணும்” என்றார் அண்ணாவியார். “வராட்டில் மங்களம் பாட ஏலாது. மங்களம் பாடாமல் கூத்தை விட்டால் ஆடினவனுக்குக் கூடாது.”

“திரும்பி வாறது வேறை ஆளெல்லே, அண்ணாவியார்?”

அண்ணாவியார் மத்தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சனத்துக்கு அது ராசா. அவ்வளவும் போதும்” என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. கதைகளில் இது எப்போதும் சுகமான வேலை. சாபம் விழுந்தால் ஒரு புகை, நீங்கினால் ஒரு முழுக்கு. இடையில் ஒருவனுக்கும் சொறிவதில்லை. தலையணையில் செதில் கிடப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

ஏர்னஸ்ற் பன்றியை ஒழுங்காகப் பழகினான். நிலவறையில் வயிறுகளுக்கு நடுவே நாலு காலில் நின்று உறுமிக் காட்டுவான். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கொதிதண்ணீரில் குடலை அமுக்கும்போது அவன் முணுமுணுத்தது பின் ராசாவின் பாட்டை.

ஒரு ஞாயிறு வெறுங்காலோடு மலையேறி, புனிதை சாந்த ரொசலியாவின் குகைக் கோயிலுக்குப் போனான். எங்கள் ஆட்கள் சைவக்காரர், வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர் என்றில்லாமல் எல்லோரும் ஏறுகிற மலை அது. குகைப் பாறையில் சொட்டுகிற தண்ணீரைப் போத்தலில் பிடித்துவந்து, நிலவறையில் என் கண் முன்னால் கையில் ஊற்றித் தடவினான். செதில் நனைந்து படிந்தது. காய்ந்ததும் பழையபடி எழும்பி நின்றது. மிச்சத் தண்ணீரை மூடி வைத்தான்.

“யாக்கோபு, திரை உன்ரை கையிலைதானே?” என்றான்.

“ஓம்.”

“நான் சுனையடிக்கு வரேக்கை இழுத்து மூடாதை.”

“மூடாட்டில் ஸ்ரீபன் எப்பிடி மாறி வாறது?”

“அனிற்றா வாறாளாம். நான் எழும்பி வாறதை அவள் பாக்கட்டும். எனக்கு உடுப்பும் வேண்டாம் முடியும் வேண்டாம். பாட்டைப் பாடிப்போட்டு நிப்பன். பாத்தாளெண்டால் வருவாள்.”

“உனக்கு விசரடா. கூத்தைப் பாத்திட்டுப் பொம்பிளை திரும்பி வருவாளே?”

“ஊரிலை நான் பின் ராசா ஆடினதைப் பாத்துத்தான் ஓமெண்டவள்” என்றான். “நீ கயித்தை விட்டாப் போதும்.”

நான் குனிந்து அடுத்த குடலைத் தடியில் கொழுவினேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வயிற்றைக் கீறினான்.

கூத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. தள்ளுவண்டியில் பிள்ளைகள், மடியில் பிள்ளைகள், பின்சுவரோடு நின்ற ஆம்பிளைகள். அனிற்றா மூன்றாவது வரிசையில் இருந்தாள். சிஞோராவின் பழைய கோட் ஒன்றைப் போட்டிருந்தாள், அவளுக்கு அது தோளில் பெரிது. கையில் முகம் துடைக்கிற லேஞ்சி.

அண்ணாவியார் முன் ராசாவாக வந்து நன்றாகத்தான் அகங்காரம் காட்டினார். கழுநீருக்குப் பதிலாக வெட்டிய கடதாசியை வாளியிலிருந்து கொட்டினார். சந்நியாசி சபித்தார், தாளம் விழுந்தது, நான் திரையை இழுத்துத் திறந்தேன். உள்ளே ஏர்னஸ்ற். மட்டைப் பன்றி முகம், இடுப்பில் சாக்கு, உடம்பெல்லாம் கரியும் எண்ணெயும்.

அவனுடைய பன்றியைப் போல ஒரு பன்றியை நான் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. சிரிப்புக் காட்டவில்லை. மூக்கால் பலகையைக் கிளறினான். நிலத்தில் கிடந்த அழுகல் உருளைக்கிழங்கைக் கை வைக்காமல் வாயால் கவ்வி, நிசமாகவே மென்றான். சாறு கன்னத்தால் வடிந்தது. “சீ!” என்று பொம்பிளைகள் முகத்தைத் திருப்பினார்கள், திருப்பிவிட்டு மறுபடியும் பார்த்தார்கள். சனத்துக்குப் புளுகமும் சந்தோசமும் தாங்கவில்லை. பட்டினிப் பிள்ளைக்கு அவன் கிழங்கை உருட்டிவிட்டபோது முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சுனை என்பது ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசின். சுற்றிவர நீலக் கடதாசி. அவன் தவழ்ந்து கிட்டப் போனான். மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஆட்டம் தொடங்க முன்பே அதற்குள் ஊற்றி வைத்திருந்ததை நான் கண்டேன். தாளம் திரும்பியது. திரையை இழுத்து மூடவேண்டிய இடம் அதுதான். அண்ணாவியார் பக்கவாட்டில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கயிற்றிலிருந்து கையை எடுத்தேன்.

ஏர்னஸ்ற் எழும்பி இரண்டு காலில் நின்றான். மட்டை முகத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான். பிறகு கழுத்தை. பிறகு கையை. கரி கறுப்புக் கறுப்பாக வழிந்து பேசினில் விழுந்தது. கரி போன இடத்தில் வெள்ளைச் செதில் தெரிந்தது.

சனம் அதையும் வேஷம் என்று நினைத்தது.

“இன்னும் போகேல்லை! நல்லா உரஞ்சு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மண்டபம் சிரித்தது.

அவன் உரஞ்சினான். நகமில்லாத விரலால் முழங்கையைப் பிறாண்டினான். செதில் ஈரத்தோடு சுருண்டு உருண்டு விழுந்தது.

“சவுக்காரம் குடுங்கோவன்ரா அவனுக்கு!” இன்னொரு சிரிப்பு.

முன்வரிசையில் நிலத்தில் குந்தியிருந்த பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் விளங்கியது. அவர்கள் மேடைக்குக் கிட்ட இருந்தார்கள். “மம்மா, கே ஸ்கீஃபோ!” என்று ஒரு பெட்டை கீச்சிட்டாள். வீட்டில் அரியண்டம் என்போம், பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்வார்கள். ஏர்னஸ்ற்றின் முழங்கை வெடித்து இரத்தம் மணிக்கட்டுக்கு வந்தது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டு போனது. முன்பக்கத்தில் யாரோ கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்கள். தகப்பன் ஒருவன் பிள்ளையைக் கமக்கட்டில் கொடுத்துத் தூக்கினான்.

அப்போது அவன் பின் ராசாவின் பாட்டை எடுத்தான்.

“வந்தேன் மனிதனாய் – என்றன் வடிவம் திரும்பிப் பெற்றேன்.”

குரல் நல்ல குரல். அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது. சாக்கைக் கட்டிக்கொண்டு, தோல் உரிந்து, கரியும் இரத்தமும் வடிய நிற்கிறவனின் வாயிலிருந்து அப்படி ஒரு குரல். பாதிப் பேர் நிலத்தைப் பார்த்தார்கள். அவன் மூன்றாவது வரிசையை மட்டும் பார்த்துப் பாடினான். அனிற்றா லேஞ்சியை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஸ்ரீபன் பாவம். தன்னுடைய பாட்டு மேடையில் கேட்கிறது, பெடியன் என்ன செய்வான்? மறுபக்கத்தால் வெள்ளைச் சற்றினும் தங்கக் கடதாசி முடியுமாக வந்து நின்றுவிட்டான். மேடையில் இரண்டு ராசா. அண்ணாவியார் யோசிக்கவில்லை, மங்களத்தைத் தொடங்கிவிட்டார். சனம் ஸ்ரீபனைப் பார்த்துக் கையைத் தட்டியது. அப்படித் தட்டியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு முட்டிக் கிடந்தவர்களுக்குக் கதவு திறந்ததுபோல. அவர்களுக்கு ராசா வந்துவிட்டான்.

நான் திரையை இழுத்து மூடினேன்.

கூத்து முடிந்தால் ஆடியவர்கள் தங்கள் கையால் சனத்துக்குச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். ஏர்னஸ்ற் கழுவித் துடைத்து, நீளக்கைச் சேர்ட்டுப் போட்டு, சோற்றுக் கிடாரத்தடியில் போய் அகப்பையை எடுத்தான். பக்கத்தில் ஸ்ரீபனிடமும் ஒரு கிடாரம். நேராக வந்த வரிசை அந்த இடத்தில் வளைந்து ஸ்ரீபன் பக்கம் போனது. ஒருவருக்குப் பசியில்லை, ஒருவருக்குக் கறிதான் வேணும், ஒருவருக்குப் பஸ் போகப்போகிறது.

“தம்பி, நீ களைச்சுப் போனாய், போய் இரு” என்று இந்திராதேவி அகப்பையை வாங்க வந்தாள். சீலைத் தலைப்பால்தான் பிடித்தாள். கெட்ட மனம் இல்லை அவளுக்கு. கை தானாக அப்படிப் போனது.

அனிற்றா வரிசையை விட்டு வந்து அவன் முன்னால் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள்.

“போடுங்கோ.”

அவன் சோற்றைப் போட்டான். சேர்ட்டுக் கைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் செதில் சோற்றின் மேல் விழுந்தது. நகத்தளவு. அவன் காணவில்லை. நான் கண்டேன். அவளும் கண்டாள். அந்த இடத்திலேயே நின்று, எல்லோரும் பார்க்க, அதையும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். இன்னொரு கவளம். கோப்பையை வழித்து முடித்தாள்.

“நல்லாக் கிடக்கு” என்றாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பின்கதவால் வெளியே போனாள்.

நான் பேசின் தண்ணீரை ஊற்ற அந்தப் பக்கம் போனபோது அவள் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். தின்றது முழுவதும் குப்பைத் தொட்டியடியில் கிடந்தது. இன்னும் ஓங்காளித்துக்கொண்டிருந்தாள். கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது.

“யாக்கோபண்ணை” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. “அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ.”

சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏர்னஸ்ற் கதவடியில் நின்றான். நிலத்தில் கிடந்ததைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“நான் உங்களை வேலையை விடத்தான் சொன்னனான்” என்றாள் அனிற்றா. “ராசாவாகச் சொல்லேல்லை.”

“விட்டால் பெர்மெஸ்ஸோ?”

“போனால் போகட்டும். சிஞோரா எனக்குக் கடதாசி செய்து தாறனெண்டவ. என்ரை கடதாசியிலை ரண்டு பேரும் தொங்குவம்.”

“கை மாறாது, அனிற்றா.”

“மாறாது. எனக்குத் தெரியாதே? சனத்துக்கு முன்னாலை உரிச்சுக் காட்டித்தான் நான் அறியவேணுமே?” அவள் அழவில்லை, ஏசினாள். “நாளைக்கு அந்தக் கிடங்குக்குள்ளை இறங்கினியளெண்டால் இனி நான் வரவே மாட்டன். இப்ப தண்ணி கொண்டுவாங்கோ, வாய் கைக்குது.”

அவன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. பத்ரோனே தூசணத்தால் ஏசிவிட்டு அவனுடைய பங்கையும் என் பக்கம் தள்ளினான். இப்போது ஏர்னஸ்ற் பொலிதேயாமாவில் கந்தோர்ப் படிகள் கழுவுகிறான். அங்கேயும் குளோரின்தான், கை அப்படியேதான் கிடக்கிறது. புல்லும் சாணியும் மணப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். அனிற்றா அறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். தலைமாடு கால்மாடாகப் படுக்கிறார்களாம். ஏர்னஸ்ற்தான் சொன்னான், சிரித்துக்கொண்டு.

அந்தக் கிழமை முடிவதற்குள் நிலவறைப் படியில் ஸ்ரீபன் இறங்கி வந்தான். நாய் செத்துப் போனதாம். வேறு வேலை இல்லையாம். பாதிப் படியில் நின்று வாயைப் பொத்தினான்.

“என்னண்ணை, இப்பிடி நாறுது?”

“முதல் நாள் அப்பிடித்தான்.”

அவன் மூலையில் சத்தி எடுத்து முடியும்வரை நின்று, கத்தியை நீட்டினேன். வாங்காமல் சுவரைப் பார்த்தான்.

“அண்ணை, அந்தக் கையுறையைப் போடலாமே?”

“போடன்.”

போட்டான். குடலைத் தூக்கினான். அது கையுறையில் வழுக்கி நிலத்தில் விழுந்து, பச்சைத் தண்ணீர் அவனுடைய முகத்தில் அடித்தது. மேலேயிருந்து பத்ரோனே கத்தினான். ஸ்ரீபன் முகத்தைத் தோளில் துடைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினான். அதைத் திரும்பவும் ஆணியில் கொழுவினான்.